பக்கத்துக் காட்டை விலைக்கு வாங்கலாமா?

ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியத் தீவில், லிஃபி பள்ளத்தாக்கில் 1990-இல் இரண்டு காட்டுத் துண்டுகள் விற்பனைக்கு வந்தன. இரண்டும் சேர்ந்து 241 ஹெக்டேர். நம் கணக்கில் ஏறத்தாழ 600 ஏக்கர். டிரைஸ் பிளஃப் என்னும் மலைமுகட்டின் அடிவாரத்தில், வானுயர்ந்த யூகலிப்டஸ் மரங்களும் அவற்றின் நிழலில் மரப்பெரணிகளும் அடர்ந்த ஈரக்காடு அது. மரத்தை வெட்டிச் சில்லுகளாக்கிக் காகித ஆலைகளுக்கு ஏற்றுமதி செய்யும் தொழில் தீவில் கொடிகட்டிப் பறந்த காலம். சில்லு வியாபாரத்துக்குப் போனால் அந்தக் காட்டின் கதி என்ன என்பதில் யாருக்கும் ஐயம் இருக்கவில்லை.

பக்கத்தில் குடியிருந்தவர் பாப் பிரௌன். மருத்துவர்; ஃபிராங்க்ளின் ஆற்றின் குறுக்கே வரவிருந்த அணையை 1983-இல் தடுத்து நிறுத்திய போராட்டத்தின் தலைவர்; அப்போது மாநிலச் சட்டமன்ற உறுப்பினர். அந்த ஆண்டு அவருக்குக் கிடைத்த கோல்ட்மன் சுற்றுச்சூழல் விருதின் பரிசுப் பணம் 49,000 அமெரிக்க டாலர். அதை முன்பணமாகக் கட்டி, மீதிக்கு நண்பர்களிடமும் வங்கியிலும் கடன் வாங்கி, இரண்டு துண்டுகளையும் கிரயம் செய்தார். அந்த முயற்சியிலிருந்து பிறந்த அமைப்புதான் இன்றைய புஷ் ஹெரிடேஜ் ஆஸ்திரேலியா. இப்போது அதன் பொறுப்பில் பத்து லட்சம் ஹெக்டேருக்கு மேல் நிலம் இருக்கிறது.

இந்தக் கதையைப் பெரும்பாலும் ஒரு வெற்றிக் கதையாகவே சொல்கிறார்கள். கேட்பவர் மனதில் ஓர் ஆசையும் எழுகிறது: பணம் இருந்தால் நாமும் ஒரு காட்டை வாங்கிக் காப்பாற்றிவிடலாமே! அந்த ஆசை நல்லது. ஆனால் நல்ல ஆசை நல்ல வழிமுறையாகிவிடாது. காட்டை வாங்குவது காட்டைக் காக்கிறதா என்று முடிவு செய்ய நான்கு கேள்விகள் கேட்டாக வேண்டும். வாங்காமல் விட்டிருந்தால் அந்த மரங்கள் விழுந்திருக்குமா? இங்கே விழாத கோடாரி வேறெங்கோ விழுந்ததா? வாங்கியவரின் காலத்துக்குப் பிறகும் காடு நிற்குமா? அந்த நிலம் விற்கப்படும் முன் யாருடையதாக இருந்தது?

முதலில் ஆதரவான வாதத்தை அதன் முழு வலுவோடு பார்ப்போம். டாஸ்மேனியாவின் ஈரக்காட்டில் மரம் வெட்டும் முறை, நாலு மரத்தைப் பார்த்து வெட்டி மற்றதை விட்டுவைக்கும் முறை அல்ல. ஒரு சரிவு முழுவதையும் மொட்டையடிப்பார்கள். எஞ்சிய கிளைகளையும் கட்டைகளையும் கொளுத்துவார்கள். சாம்பல் மீது யூகலிப்டஸ் விதையைத் தூவுவார்கள், பெரும்பாலும் வானிலிருந்து. யூகலிப்டஸ் நெருப்போடு பழகிய மரம், திரும்பி வரும். அதன் கீழே நின்ற மர்ட்டிலும் சசாஃப்ராஸும் அப்படியல்ல. நெருப்பு எட்டிப் பார்க்காத நீண்ட காலத்தில் மெல்ல மெல்ல வந்து சேர்ந்தவை அவை. அடுத்த வெட்டு 80, 90 ஆண்டுகளில் வந்துவிடுமென்றால் அந்தக் கீழடுக்கு மீண்டும் உருவாக நேரமே கிடையாது. பச்சையாகத் தெரியும், காடாக இருக்காது. தனியார் நிலத்திலோ பல சமயம் அந்தப் பச்சைகூடத் திரும்புவதில்லை. வரிசை பிடித்து நட்ட ஒற்றைமரத் தோட்டம் வந்துவிடும்.

இழப்பு மீளாதது எனும்போது வேகம்தான் முக்கியம். சட்டம் வர ஆண்டுகள் ஆகும். வழக்குக்கும் ஆண்டுகள் ஆகும். கிரயப் பத்திரத்துக்குச் சில வாரங்கள் போதும். விற்பவரும் தயார், வெட்டுபவரும் தயார் என்ற நிலையில், குறுக்கே வந்து விலை கொடுப்பவரைத் தவிர வேறு யாராலும் அந்த வேகத்தில் மரத்தைக் காக்க முடியாது.

ரெஷெர்ஷ் விரிகுடா இதை இன்னும் தெளிவாகக் காட்டியது. டாஸ்மேனியாவின் தென்கோடியில் இருக்கும் அந்தக் கரையில் 1792-லும் 1793-லும் பிரெஞ்சுக் கடலோடி தாந்த்ரகஸ்தோவின் கப்பல்கள் நங்கூரமிட்டன. கப்பலில் வந்த தாவரவியலாளர் லபில்லார்தியேர் அங்கே செடிகொடிகளைத் திரட்டினார். மாலுமிகள் ஒரு காய்கறித் தோட்டம் போட்டார்கள். அந்த மண்ணின் பழங்குடி மக்களோடு வெள்ளையர் நட்போடு பழகிய அரிய நாட்களும் அங்கே கழிந்தன. இத்தனை வரலாறு இருந்தும் அந்தத் தனியார் காட்டை வெட்ட மாநில அரசு அனுமதி கொடுத்தது. தொழிலதிபர் டிக் ஸ்மித் பணத்துக்குப் பின்பலமாக நிற்க, டாஸ்மேனிய நிலப் பாதுகாப்பு அமைப்பு 2006-இல் 142 ஹெக்டேரை விலைக்கு வாங்கியது. வரலாற்றாய்வாளர்கள் எழுதியதும் மக்கள் திரண்டதும் அந்த விலையைத் திரட்ட உதவின. ஆனால் கோடாரியை நிறுத்தியது பத்திரம்தான்.

பத்திரத்துக்கு இன்னொரு பலமும் உண்டு. தேர்தலில் ஆட்சி மாறுவதால் அது செல்லாமல் போய்விடாது. டாஸ்மேனியாவில் பல ஆண்டுச் சண்டைக்குப் பின் மரத்தொழிலும் சூழல் அமைப்புகளும் உட்கார்ந்து பேசி உருவாக்கிய உடன்பாடு 2013-இல் சட்டமானது. மறு ஆண்டே புதிய மாநில அரசு அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. அதே 2014-இல் கூட்டாட்சி அரசு, ஓராண்டுக்கு முன் உலகப் பாரம்பரியப் பகுதியில் சேர்த்த காட்டிலிருந்து 74,000 ஹெக்டேரை விலக்கிக்கொள்ளக் கேட்டது. தோஹாவில் கூடிய யுனெஸ்கோ குழு மறுத்ததால் அந்தக் காடு தப்பியது. இத்தனை அமளியிலும் லிஃபியின் 241 ஹெக்டேரை யாரும் தொட முடியவில்லை. சட்டத்தை நம்பியிருப்பவர்கள் இந்த வேறுபாட்டை எளிதாகத் தள்ளிவிடக் கூடாது.

இனி எதிர்வாதம். அதில் மிகக் கடுமையானது இரண்டாவது கேள்வி.

ஆலைக்கு வேண்டியது சில்லு. அது லிஃபி மரத்தின் சில்லா அடுத்த மலை மரத்தின் சில்லா என்ற கவலை ஆலைக்கு இல்லை. ஒரு சரிவை விற்பனையிலிருந்து எடுத்துவிட்டால் லாரிகள் அடுத்த சரிவுக்குப் போகும். ஒரு பக்கம் அமுக்கினால் மறுபக்கம் புடைக்கும் கதைதான். இப்படி வெட்டு இடம்பெயர்வதை அமெரிக்கக் காடுகளை வைத்து அளந்த முர்ரே, மெக்கார்ல், லீ ஆகியோரின் 2004 ஆய்வு, வட்டாரத்தையும் திட்டத்தையும் பொறுத்து அது 10 சதவீதத்துக்குக் கீழேயும் இருக்கலாம், 90 சதவீதத்துக்கு மேலேயும் போகலாம் என்று கண்டது. 2006-இல் ஆர்ம்ஸ்வொர்த்தும் உடன் ஆய்வாளர்களும் இன்னொரு சிக்கலைச் சுட்டிக்காட்டினார்கள்: பாதுகாப்புக்காக நிலம் வாங்குவதே சுற்றுவட்டார நில விலையை ஏற்றிவிடலாம், வளர்ச்சிப் பணிகளை உயிர்வளம் மிக்க வேறு இடங்களுக்குத் தள்ளிவிடலாம். அடுத்த காட்டை வாங்க இன்னும் அதிகப் பணம் வேண்டும் என்பது அதன் விளைவு.

இந்த வாதத்தை மறுக்க முடியாது, மறுக்கவும் கூடாது. தீவில் அந்த ஆண்டு வெட்டிய மொத்த மரத்தைக் கணக்கிட்டால் லிஃபி வாங்கப்பட்டதால் ஒரு டன்கூடக் குறைந்திருக்கும் என்று அடித்துச் சொல்ல இயலாது. ஆகவே ‘மரம் வெட்டுவதைக் குறைத்தோம்’ என்று காடு வாங்கியவர் எவரும் உரிமை கொண்டாடக் கூடாது. அவர் கொண்டாடக்கூடிய உரிமை வேறு: ‘இந்த இடத்தைக் காத்தோம்’ என்பது. சில்லுக்கு மாற்று உண்டு; இடத்துக்கு இல்லை. ஓடையின் தலைப்பிலும், இரண்டு காடுகளை இணைக்கும் கழுத்திலும், ஏற்கெனவே பாதுகாக்கப்பட்ட பெருங்காட்டின் விளிம்பிலும் நிற்கும் சிறு துண்டின் மதிப்பு அதன் ஏக்கர் கணக்கில் இல்லை. லிஃபியை ஒட்டிய கிரேட் வெஸ்டர்ன் டியர்ஸ் மலைத்தொடரின் சரிவுகள் 2013-இல் உலகப் பாரம்பரியப் பகுதியோடு சேர்க்கப்பட்டன. 1990-இல் வாங்கிய துண்டு இன்று பெருங்காட்டின் விளிம்பில் நிற்கிறது. குடகில் பமேலா, அனில் மல்ஹோத்ரா தம்பதி 1991-இல் 55 ஏக்கரில் தொடங்கி, பிரம்மகிரி சரணாலயத்தை ஒட்டி அக்கம்பக்கத்து நிலங்களையும் வாங்கிச் சுமார் 300 ஏக்கராக்கியதன் பொருளும் இதுவே. தனித்து நின்றிருந்தால் அது ஒரு பெரிய தோப்பு. சரணாலயத்தை ஒட்டி நிற்பதால் யானைக்கு வழி.

இங்கேதான் பக்கத்தில் வாழ்பவருக்கு ஒரு தகுதி இருக்கிறது. எந்த ஓடை கோடையிலும் வற்றாது, எந்தச் சரிவில் எந்த விலங்கு இறங்கும், நிலத்துக்காரர் எப்போது கடனில் மாட்டுவார், எந்தப் புரோக்கர் வந்து போனார் என்பது அவருக்குத்தான் தெரியும். ஆயினும் அதே அருகாமையில் ஒரு குறையும் இருக்கிறது. மனிதர் தம் சன்னலிலிருந்து தெரிவதைக் காக்க விரும்புவார்கள். காட்சிக்காகக் காப்பதும் உயிருக்காகக் காப்பதும் எப்போதும் ஒன்றாகாது. அரசுகளும் இந்தக் குறைக்கு விலக்கல்ல. உலகெங்கும் பாதுகாக்கப்பட்ட பகுதிகள் பெரும்பாலும் உயரத்திலும் தொலைவிலும், உழவுக்கு உதவாத சரிவிலுமே அமைந்துள்ளன என்று ஜோப்பா, ஃபாஃப் ஆகியோரின் 2009 ஆய்வு காட்டியது. யாரும் வெட்ட வரமாட்டாத செங்குத்துச் சரிவை வாங்கிவிட்டுக் காட்டைக் காத்ததாகச் சொல்வது தன்னையே ஏமாற்றிக்கொள்வது. ஆபத்து உண்மையாக இருந்ததா என்ற முதல் கேள்வியில் லிஃபியும் ரெஷெர்ஷும் தேறுகின்றன. எல்லா வாங்கலும் தேறுவதில்லை.

காட்டை விட்டுவிட்டு ஆலையை வாங்கினால் என்ன? டாஸ்மேனியாவிலேயே அந்தச் சோதனையும் நடந்தது. டிரையபன்னா துறைமுகத்தில் இருந்த பெரிய மரச்சில்லு ஆலையை 2011-இல் தொழிலதிபர்கள் கிரேம் வுட்டும் ஜான் கேமரனும் ஒரு கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு வாங்கினார்கள். பின்னர் ஆலை பிரித்தெடுக்கப்பட்டது. தீவின் தென்பகுதிக் காடுகளுக்கு ஏற்றுமதி வாசலே அடைபட்டது. வெட்டு இடம்பெயரும் சிக்கலுக்கு இது நேரான பதில். ஒரு டாலருக்குக் காக்கப்பட்ட மரம் என்று கணக்குப் பார்த்தால் எந்தக் காடு வாங்கலும் இதன் பக்கத்தில் நிற்காது. ஆனால் ஒரு சிற்றூரின் பிழைப்பை இரண்டு செல்வந்தர்கள் தீர்மானித்தார்கள் என்பதையும் மறைக்க முடியாது. வேலை போன குடும்பங்களுக்குக் காடு எதிரியாகிவிட்டால் அடுத்த தேர்தலில் காடு தோற்கும். 2014-இல் நடந்ததில் அந்தக் கோபத்துக்கும் பங்கு உண்டு என்றே கருதுகிறேன்.

மூன்றாவது கேள்வி காலத்தைப் பற்றியது. வாங்கியவர் இறப்பார், பிள்ளைகள் விற்பார்கள். ஆகையால் பத்திரம் மட்டும் போதாது. டாஸ்மேனியாவில் 2002-ஆம் ஆண்டின் இயற்கைப் பாதுகாப்புச் சட்டத்தின்படி நில உரிமை ஆவணத்திலேயே பாதுகாப்பு உடன்படிக்கையைப் பதிவு செய்யலாம். நிலம் எத்தனை கை மாறினாலும் நிபந்தனை கூடவே போகும். நம்மூர் வில்லங்கச் சான்றில் அடமானம் தெரிவதுபோல் அடுத்து வாங்குபவருக்கு அது தெரியும். இதை வைத்து ரெஷெர்ஷ் காட்டை வாங்கிய அதே அமைப்பு ஒரு நல்ல வழியைக் கையாள்கிறது. காட்டை வாங்கி, உடன்படிக்கையைப் பதிவு செய்து, காட்டை நேசிக்கும் ஒருவருக்கு மறுபடி விற்கிறது. வந்த பணத்தில் அடுத்த காட்டை வாங்குகிறது.

இந்த யோசனைக்கு நீண்ட வேர் இருக்கிறது. நியூயார்க் அருகே மியானஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கில் பழம்பெரும் ஹெம்லாக் மரங்கள் நின்ற 60 ஏக்கரைக் காக்க அக்கம்பக்கத்தார் கூடியபோது, நேச்சர் கன்சர்வன்சி அமைப்பு 1955-இல் 7,500 டாலர் கொடுத்தது. நன்கொடையாக அல்ல, கடனாக. திரும்பி வரும் பணம் அடுத்த காட்டுக்குப் போகவேண்டும் என்ற நிபந்தனையோடு. ஒரே பணம் பல காடுகளைச் சுற்றி வரும் அந்த முறைதான் அந்த அமைப்பை உலகளவில் வளர்த்தது.

அதே மியானஸ் ஓர் எச்சரிக்கையும் தருகிறது. ஆசியாவிலிருந்து வந்த, சாறு உறிஞ்சும் ஒரு சிறு பூச்சி இன்று அமெரிக்காவின் கிழக்குக் கரை நெடுக ஹெம்லாக் மரங்களைக் கொன்று வருகிறது. மியானஸும் தப்பவில்லை. கோடாரியை நிறுத்திய பத்திரத்தால் பூச்சியை நிறுத்த முடியவில்லை. காட்டை வாங்குவது ஒருநாள் செலவு. காப்பது ஆண்டுதோறும் வரும் செலவு. களை, நெருப்பு, வேட்டை, எல்லைத் தகராறு எதுவும் கிரயத்தோடு முடிவதில்லை. கோஸ்டா ரிக்காவின் மான்டெவெர்டேயில், ஸ்வீடன் நாட்டுக் கிராமப் பள்ளி ஒன்றின் பிள்ளைகள் 1987-இல் தொடங்கிவைத்த நிதியால் வாங்கப்பட்ட ‘குழந்தைகளின் நிலைத்த மழைக்காடு’ இன்று 22,000 ஹெக்டேரைத் தாண்டிய, அந்நாட்டின் மிகப்பெரிய தனியார் காப்பகம். வாங்கத் திரண்ட உற்சாகம், காவலர் சம்பளத்துக்கு ஆண்டுதோறும் திரளுமா என்பதுதான் இத்தகைய ஒவ்வொரு காட்டின் உண்மையான சோதனை. அங்கே காடு தழைக்க இன்னொரு காரணமும் உண்டு. காட்டை வேறு பயன்பாட்டுக்கு மாற்றுவதை 1996-ஆம் ஆண்டின் வனச் சட்டம் நாடு முழுவதும் தடை செய்தது. எரிபொருள் வரியிலிருந்து நிலத்துக்காரர்களுக்குப் பணமும் கொடுத்தது. பிள்ளைகளின் காட்டைச் சுற்றிச் சட்டத்தின் வேலி எழுந்தது.

நான்காவது கேள்வி நீதி பற்றியது. லிஃபியில் விற்பனைக்கு வந்த நிலத்தைப் பழங்குடி மக்கள் யாருக்கும் விற்றதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அவர்களிடமிருந்து பறிக்கப்பட்டது. பறிக்கப்பட்ட நிலத்துக்கு எழுதிய பத்திரம் எவ்வளவு நல்ல நோக்கத்தோடு கைமாறினாலும் அந்தக் கடனைத் தீர்க்காது. இதை உணர்ந்த ஒரு வாங்கலும் நடந்திருக்கிறது. 2013-இல் தீவின் நடு மேட்டுநிலத்தில் ஏறத்தாழ 6,900 ஹெக்டேர் வாங்கப்பட்டு, டாஸ்மேனியப் பழங்குடி மக்களிடமே ஒப்படைக்கப்பட்டது. ‘த்ரவ்தா மகுமின்யா’ என்று அவர்கள் மொழியில் அதற்குப் பெயர். சிலியில் அமெரிக்கரான டக்ளஸ் டாம்கின்ஸ் 1990-களில் காடுகளை வாங்கிக் குவித்தபோது, அந்நியர் ஒருவர் நாட்டைக் குறுக்கே வெட்டுகிறார் என்ற எதிர்ப்பு கிளம்பியது. அந்தச் சந்தேகம் நியாயமானது. 2015-இல் அவர் இறந்தபின், சுமார் 4 லட்சம் ஹெக்டேரை அவர் மனைவி கிறிஸ் சிலி அரசுக்கே கொடையாக எழுதிக்கொடுக்க, அரசு தன் நிலத்தைப் பல மடங்கு சேர்த்து 2018-இல் தேசியப் பூங்காக்களை அறிவித்ததும்தான் அதற்குப் பதில் கிடைத்தது.

ஆனால் எல்லாவற்றையும் விடப் பெரிய வரம்பு ஒன்று இருக்கிறது: பெருங்காடுகள் விற்பனைக்கு இல்லை. டாஸ்மேனியாவின் ஸ்டிக்ஸ், ஃப்ளோரன்டைன் பள்ளத்தாக்குகளில் பெருமரங்கள் விழுந்தது அரசு நிலத்தில், அரசின் உத்தரவில். அங்கே எந்தப் பக்கத்து வீட்டுக்காரரும் முன்பணம் கட்ட முடியாது. மேற்கு ஆஸ்திரேலியாவிலும் விக்டோரியாவிலும் அரசு நிலத்தின் இயற்கைக் காடுகளில் மரம் வெட்டும் தொழில் 2024 பிறந்தபோது முடிவுக்கு வந்திருந்தது. போராட்டமும் வழக்கும் பொருளாதாரமும் அரசியல் முடிவும் சேர்ந்து செய்த வேலை அது. அவ்வளவு பெரிய பரப்பை எந்தச் செல்வந்தரும் வாங்கியிருக்க முடியாது.

தனியார் காட்டையும் சட்டத்தால் கட்டலாம் என்பதற்குத் தமிழ்நாடே சாட்சி. 1949-ஆம் ஆண்டின் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டத்தின்படி, அதன் கீழ் வரும் காட்டை உரிமையாளர் விற்கவோ, அடமானம் வைக்கவோ, மரத்தை வெட்டவோ மாவட்டக் குழுவின் முன் அனுமதி வேண்டும். 1996 டிசம்பரில் கோதவர்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம், யாருக்குச் சொந்தமானாலும் காடு காடுதான் என்று உத்தரவிட்டது. அந்தப் பாதுகாப்பின் பரப்பை வனப் பாதுகாப்புச் சட்டத்தின் 2023-ஆம் ஆண்டுத் திருத்தம் சுருக்கிவிட்டது என்ற வழக்குகள் இப்போது நீதிமன்றத்தில் இருக்கின்றன. சட்டத்தின் கை நீளம். ஆனால் அந்தக் கையை ஆட்சியாளர் மடக்கவும் முடியும் என்பதற்கும் இதுவே சாட்சி.

இப்போது தீர்ப்புக்கு வருகிறேன். ஒரு நாட்டின் காடுகளைக் காக்கும் கொள்கையாக, காட்டை விலைக்கு வாங்குவது தோற்றுவிடும். பணத்துக்கு அளவு உண்டு, சந்தை இடம் மாறும், பெரிய காடு கடைக்கு வருவதே இல்லை. ஆனால் ஒரு குறிப்பிட்ட இடத்தை ஒரு குறிப்பிட்ட நெருக்கடியிலிருந்து மீட்கும் செயலாக, அதற்கு ஈடான வேறு வழி இல்லை. இந்த இரண்டையும் குழப்பாதவர் மட்டுமே காடு வாங்கத் தகுதியானவர்.

அந்தத் தகுதிக்கு நான்கு நிபந்தனைகள் வைக்கிறேன். வெட்டு வருவது உறுதியாகத் தெரிந்திருக்க வேண்டும். அந்தத் துண்டு பெருங்காட்டையோ நீர்த்தலைப்பையோ விலங்கின் வழியையோ காப்பதாக இருக்க வேண்டும். கிரயத்தோடு கிரயமாகப் பாதுகாப்பு நிபந்தனையும் பதிவாகிவிட வேண்டும். அதற்கு வழி இல்லாத ஊரில் நிலத்தைத் தனி மனிதர் பெயரில் வைக்காமல் அறக்கட்டளைக்கோ வனத்துறைக்கோ எழுதிவிட வேண்டும். அந்த மண்ணில் மூத்த உரிமை உள்ளவர்களின் ஒப்புதலும் பங்கும் இருக்க வேண்டும். இந்த நான்கில் ஒன்று குறைந்தாலும் அது காடு காத்தல் ஆகாது. மரங்களோடு ஒரு சொத்து சேர்த்தல்தான்.

பாப் பிரௌனை மதிக்க எனக்கு முக்கியக் காரணம் அவர் வாங்கிய 241 ஹெக்டேர் அல்ல. வாங்கியதோடு அவர் நிற்கவில்லை. நிலத்தைத் தம் பெயரில் தேக்கிவைக்காமல் அமைப்பாக்கினார். தாம் வாழ்ந்த வீட்டையும் அதைச் சுற்றிய நிலத்தையும் 2011-இல் அதே அமைப்புக்குக் கொடுத்துவிட்டார். 1996 முதல் 2012 வரை கூட்டாட்சி மேலவையில் அமர்ந்து, விலைக்கு வராத காடுகளுக்காக வாதாடினார். பக்கத்துக் காட்டை வாங்கும் வாய்ப்பும் வசதியும் உள்ளவர் தயங்காமல் வாங்கட்டும். வாங்கிய கையோடு, வாங்க முடியாத காடுகளுக்கான சட்டத்தைக் கேட்டு ஊரோடு சேர்ந்து அவர் குரல் கொடுக்கட்டும். கொடுத்த விலைக்கு முழுப் பயன் அப்போதுதான் கிடைக்கும்.